சிந்தசைசருக்கு வேர்த்தது

எண்பதுகளின் கடைசியில் ஒரு மெல்லிசைக் குழுவில், பாட்டுக்கு அடியில் கனமாக ஒலிக்கும் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். பகலில் சென்னைப் பக்கம் பாடி என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, சாயங்காலம் கல்யாணக் கச்சேரி. நாங்கள் குடியிருந்த ஆவடி குவார்ட்டர்ஸில் நான் ஏதோ வாசிப்பவன் என்று எல்லோருக்கும் தெரியும். என்ன வாசிக்கிறேன் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. ஒரு கல்யாணத்தில் பெண்ணின் சித்தப்பா மேடையேறி வந்து என் கிட்டாரை உற்றுப் பார்த்தார்.

"இன்னா தம்பி, நாலு கம்பிதான் கீது? மீதி அறுந்துபூட்ச்சா?"

பேஸ் கிட்டாருக்கு நாலே கம்பிதான் என்று நான் சொல்வதற்குள் பந்திக்குப் போய்விட்டார். அம்மாவாவது கவனிப்பாள் என்று ஒரு கச்சேரிக்குக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தேன். முடிந்ததும் அவள் சொன்னாள்: "எல்லாரும் நல்லா வாசிச்சாங்கடா. நீ எப்ப வாசிச்ச?"

அன்றைக்கே முடிவு செய்தேன். இனி சிந்தசைசர்தான். மின்சாரத்தில் விதவிதமாக ஒலி எழுப்பும் அந்தக் கீபோர்டை வாசிப்பவன்மேல்தான் எல்லோர் கண்ணும் இருக்கும்.

அம்பத்தூரில் ஒரு டீக்கடை வாசலில் ஞாயிறு காலையில் எங்கள் பக்கத்து வாத்தியக்காரர்கள் கூடுவோம். யார் ஆம்பிளிஃபயரை விற்கிறார், யாருடைய ஸ்பீக்கர் கிழிந்திருக்கிறது, எதை எதற்கு மாற்றிக்கொள்ளலாம் என்று பேச்சு போகும். அங்கே சிந்தசைசர் நிபுணர் நான். பழைய பேப்பர் கடையில் கிடைத்த வெளிநாட்டு விலைப்பட்டியல் ஒன்றை அட்டை கிழியும்வரை படித்திருந்தேன்.

"அந்தக் காலத்து மெஷின்ல வர சத்தத்துக்கு ஒரு சூடு இருக்கு மச்சான். அந்தச் சூடு வேற எதுலயும் வராது" என்று அடித்துவிடுவேன். எங்கள் குழுவின் பாடகர் டீயை ஆறவிட்டுக் கேட்பார். அதுவரை நான் ஒரு சிந்தசைசரைத் தொட்டதுகூட இல்லை.

பூந்தமல்லியில் துணிக்கடை வைத்திருக்கும், இரவல் கிட்டாரில் பேஸ் பழகிய ஒரு பாய், துபாயிலிருந்து அவருடைய அண்ணன் கொண்டுவந்த சிந்தசைசரைக் கொடுத்துவிட்டு பேஸ் கிட்டார் வாங்கத் தேடுகிறார் என்று டீக்கடைக்குத் தகவல் வந்தது. சாயங்காலமே கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் நின்றேன். கடைக்கு மேலே மாடியறையில் அது இருந்தது. விமானம் ஓட்டுகிற இடம்போல முகமெல்லாம் திருகுகள்.

"ஆசிலேட்டர் எத்தனை பாய்?" என்று, விலைப்பட்டியலில் படித்த வார்த்தையைக் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"அதெல்லாம் தெரியாது அண்ணாத்தே. இத்த திருகுனா உறுமும். அத்த திருகுனா விசிலடிக்கும்."

ஒரு கட்டையை அழுத்தினேன். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. கிட்டாரைத் தோளிலிருந்து கழற்றிப் பாயிடம் நீட்டினேன். அந்தப் பக்கம் பாய் என் கிட்டாரின் தடித்த கம்பியைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "நெஞ்சுலயே வந்து குத்துது" என்றார். பொருளுக்குப் பொருள் என்று மாற்றிக்கொண்டோம். நான் படியிறங்கும்போது அவர் பின்னாலிருந்து, "அண்ணாத்தே, அதுக்குச் சூடு ஆவாது..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும் பாய், தெரியும்" என்றேன். நிபுணர் அல்லவா.

பஸ்ஸில் ஏற்றியபோது கண்டக்டர் பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். "உள்ள யாரு, உங்க மாமியாரா? லக்கேஜ் டிக்கெட் எடு."

முதல் கச்சேரி முத்தாபுதுப்பேட்டையில், சித்திரை வெயிலில், தகரக் கொட்டகை போட்ட ஒரு வரவேற்பு. வீடியோக்காரர் பெரிய விளக்கை என் பக்கம் திருப்பினார். வாழ்க்கையில் முதல்முறையாக என்னைத்தான் படம் பிடிக்கிறார்கள் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன். முதல் பாட்டு பிரமாதம். இரண்டாவது பாட்டில் சுருதி கொஞ்சம் ஏறினாற்போல் இருந்தது. மூன்றாவதில் சந்தேகமே இல்லை. விளக்கின் சூட்டில் அந்த மெஷினின் சுருதி மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. பாடகரும் விடாமல் கூடவே ஏறினார். கழுத்து நரம்பு புடைத்தது. புல்லாங்குழல்காரர் ஒரு குழலை வைத்துவிட்டு வேறொன்று எடுத்தார், பிறகு இன்னொன்று எடுத்தார். கடைசியில் என் காதருகே குனிந்தார்.

"யோவ், எங்க போய்க்கினே கீற? இதுக்கு மேல எங்கிட்ட கொழல் இல்ல."

கீழே ஆடிக்கொண்டிருந்த பையன்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டார்கள். "இன்னாடா, இன்னிக்குப் பாட்டு சப்புனு கீது? அடியில இன்னாமோ கொறையுது" என்று ஒருவன் சொன்னது மேடைவரை கேட்டது. நான் இத்தனை வருஷம் வாசித்ததை ஒருவர் கவனித்தது அன்றைக்குத்தான், நான் வாசிக்காதபோது.

பாடகர் இடைவேளையில் சோடாவைக் குடித்துக்கொண்டே கேட்டார்: "சூடு சூடுன்னியே மச்சான், இதானா அது?"

மறுநாள் கோபத்தோடு பூந்தமல்லிக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு உள்ளே போனார். ஒரு மேஜை விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இதுவும் அதோட சேந்ததுதான். அன்னிக்குச் சொல்ல வந்தேன், நீங்க தெரியும்னுட்டீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். டீ வந்தது. கிட்டார் அவருடைய கட்டிலில் தலையணை வைத்துப் படுத்திருந்தது. திருப்பிக் கேட்க மனம் வரவில்லை. "எங்க குழுவுல வாசிக்க வரீங்களா பாய்?" என்று கேட்டேன். அவர் அப்போதே சட்டையை மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

மேனாம்பேட்டில் அடுத்த கல்யாணம். பாய் பேஸ் கிட்டாரோடு ஓரத்தில் நின்றார். நான் நடுவில், பக்கத்தில் விசிறி. காற்றில் பாடகரின் பாட்டுத் தாள்கள் பறந்தன, அவர் செருப்பைக் கழற்றி அவற்றின்மேல் வைத்தார். சுருதி மட்டும் நகரவில்லை. பாதிப் பாட்டில் பெரிய மீசைக்காரர் ஒருவர் மேடையேறினார். பெண்ணின் தாய்மாமன்.

"மாப்ளைக்கு வேர்க்குதுபா" என்று சொல்லி, விசிறியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

புல்லாங்குழல்காரர் என்னைப் பார்த்தார். நான் சிந்தசைசரின் சுவிட்சை அணைத்தேன். சும்மா நின்றால் அசிங்கம் என்று யாருடையதோ ஒரு ஜால்ராவை எடுத்துத் தட்ட ஆரம்பித்தேன். அப்போதுதான் பாயின் வாசிப்பு காதில் விழுந்தது. அடியில் ஒரு நடை, அவசரமில்லாமல், பாட்டு முழுவதையும் தோளில் தூக்கிக்கொண்டு போவதுபோல. பையன்கள் எழுந்து ஆடினார்கள். அந்தக் கிட்டாரை நான் எதிரில் நின்று கேட்டதே இல்லை.

கச்சேரி முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் வந்து என் கையைக் குலுக்கினார். "ஜால்ரா சூப்பர் சார்" என்றார்.