சாலம்மாள் சுட்ட கேக்கு

நைனார்பாளையத்துச் சாலம்மாள் தோசை சுட மாட்டாள், ஊற்றுவாள். வடையைப் போடுவாள், அப்பளத்தைப் பொரிப்பாள். வெயில் காலத்தில் யாராவது 'தரை சுடுது' என்று சொல்லிவிட்டால்கூட விருட்டென்று எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுவாள். ஊரில் இதைக் கிறுக்கு என்கிறார்கள். நரம்பில்லாத நாக்கு எதைத்தான் பேசாது? அந்த ஒரு சொல் அவள் குடியை என்ன செய்தது என்று தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

எண்பத்தேழாம் வருஷம் அவளுக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. புருஷன் தனசேகரனுக்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு பேக்கரியில் அடுப்பு வேலை. சாயங்காலம் வந்தால் சட்டையெல்லாம் வெண்ணெய் வாசனை அடிக்கும். கேக்கு வெட்டும்போது கழியும் ஓரத்துண்டுகளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவான். சப்புக்கொட்டித் தின்றுவிட்டு அவள் ஒருநாள் கேட்டாள், "இத நான் செஞ்சா வராதா?"

"நீ செய்யற இட்லியே கல்லாட்டம் கீது. ஒனக்குக் கேக்கு எழும்பவே எழும்பாதுடி."

"எழும்பிடுச்சின்னா?"

"ஆள் அனுப்பு. எங்க இருந்தாலும் ஓடியாறேன்."

இளஞ்ஜோடி விளையாட்டுக்குப் பேசிக்கொண்டதுதான். ஆனால் அவளுக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது.

புரட்டாசி பிறந்ததும் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் ஆரம்பித்தது. ரோட்டோரத்துப் புளியமரங்கள் குறுக்கே சாய்ந்தன. பஸ் நின்றது, கடைகள் மூடின. அங்கே சுட்டுட்டாங்க, இங்கே சுட்டுட்டாங்க என்று நாலு பக்கமிருந்தும் சேதி வந்துகொண்டே இருந்தது. தனசேகரனும் ஒரு மரத்துக்கு ரம்பத்தின் ஒரு முனையைப் பிடித்திருந்தான். போலீஸ் வீடு வீடாக ஆம்பளைகளைத் தேட ஆரம்பித்ததும், மற்றவர்களோடு அவனும் கல்வராயன் மலைக்கு ஏறிவிட்டான். "தேட்றது நின்னாதான் எறங்குவேன். நீ பயந்துக்கினு இருக்காத," என்று மட்டும் சொன்னான். திருக்கோவிலூருக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்த மாமியார் பஸ் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டாள்.

தனி வீடு. பகலிலும் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து தாழ்ப்பாளை இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பாள். எவ்வளவு நேரம்தான் சுவரையே வெறித்துக்கொண்டிருப்பது? பேக்கரி மூடியபோது முதலாளி கெட்டுப்போகுமே என்று கொடுத்த மைதாவும் வனஸ்பதியும் அடுக்குப்பானையில் இருந்தன. பார்த்துவிடலாம் என்று முந்தானையை இழுத்துச் செருகினாள்.

முதல் கேக்கை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. பாவம், அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இட்லிக்குண்டான்தான். அடியில் தண்ணீர் ஊற்றி, மேலே மாவுக் கிண்ணத்தை வைத்து மூடிவிட்டாள். போதாததற்கு வெந்துவிட்டதா என்று நிமிஷத்துக்கொரு தரம் மூடியைத் திறந்து குச்சியால் குத்தினாள். வந்தது கேக்குமில்லை, களியுமில்லை. பக்கத்து வீட்டுக் கமலா எட்டிப் பார்த்து, "பொரட்டாசியில முட்டைய ஒடச்சி இந்தப் பசையையா கிண்டுன?" என்று கேலி செய்தாள். கோழிகூட அதைக் கொத்தவில்லை.

அப்புறம்தான் புருஷன் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது: கேக்குக்கு ஆவி ஆகாது, கீழேயும் சூடு வேண்டும், மேலேயும் சூடு வேண்டும். மறுநாள் குண்டானில் ஆற்று மணலைக் கொட்டிக் காயவைத்தாள். அதன் மேல் கிண்ணத்தை வைத்து, தட்டால் மூடி, தட்டின் மேல் அடுப்புக் கங்கை அள்ளிப் பரப்பினாள். திறந்து பார்க்கக் கை பரபரத்தது. புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்தாள். வாசனை முதலில் வந்தது, அவன் சட்டையில் வரும் அதே வாசனை. திறந்தபோது கேக்கு கிண்ணத்துக்கு மேலே பொம்மென்று எழும்பி நின்றது. அத்தனை நாள் பயமும் எங்கே போனதோ, தனியாக நின்று கைகொட்டிச் சிரித்தாள்.

கமலா புருஷன் ராசு மலையில் இருந்தவர்களுக்கு அடிவாரம் வரை சோறு கொண்டுபோவான். அன்று அவன் கிளம்பும்போது சாலம்மாள் வேலியோரம் ஓடினாள்.

"ண்ணா, அவருகிட்ட சாலம்மா சுட்டுட்டான்னு மட்டும் சொல்லிடுங்க. அவருக்குப் புரியும்."

ராசு நல்லவன்தான். அடிவாரத்தில் சோற்றை வாங்க வந்தவனிடம், ஜீப் சத்தம் கேட்ட அவசரத்தில், சொன்னபடியே சொல்லிவிட்டு ஓடிவந்தான். வாங்கியவன் காதில் ஊரெங்கும் கேட்ட சேதிதான் விழுந்தது. அந்த நாளில் சுட்டுட்டா என்றால் எவனுக்குக் கேக்கு ஞாபகம் வரும்? அவன் மேலே போய்த் தனசேகரனிடம், "சாலம்மாள சுட்டுட்டாங்களாம்பா," என்றான். ரெண்டு மூணு எழுத்துதான் கூடியது.

தனசேகரன் ஒற்றையடிப் பாதையைத் தேடவில்லை. பட்டப்பகலில் நடுரோட்டில் ஓடிவந்து, அடிவாரத்தில் நின்ற போலீஸ் வேனையே மறித்து, "எம் பொண்டாட்டிய எவன்டா சுட்டது?" என்று கேட்டிருக்கிறான். அதற்கு மேல் அவர்கள் அவனைத் தேட வேண்டியிருக்கவில்லை.

சேதி கேட்டு, ரோட்டில் கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்து அவள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, காவலுக்கு ஆள் போட்டு அவனைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். முகம் அடையாளம் தெரியவில்லை. அவளைப் பார்த்ததும் வீங்கிய கண்ணை முடிந்தமட்டும் திறந்தான்.

"ஒன்ன சுட்டுட்டாங்கன்னு..."

"நாந்தான்யா சுட்டேன். கேக்கு சுட்டேன்யா. அதத்தான் சொல்லி அனுப்புனேன்." அதற்கு மேல் பேச முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு வெடித்த உதடு கோணியது. சிரித்தான்.

"எழும்புச்சா?"

"எழும்புச்சிய்யா. கிண்ணத்துக்கு மேல எழும்புச்சி."

"பொய்யி. கொண்டாந்து காட்டு."

அந்தக் கேக்கை எறும்பு மொய்த்து அவள் எப்போதோ கொட்டிவிட்டிருந்தாள். நடந்தே ஊருக்குத் திரும்பினாள். பானையை வழித்து மிச்சமிருந்த மைதாவைக் குழைத்தாள். மூடியை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. இந்தத் தடவை முன்னைவிட நன்றாக வந்தது.

மறுநாள் தூக்குச்சட்டியோடு போனாள். அந்தக் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். நர்ஸம்மா அவளை ஓரமாக உட்காரவைத்து, அடி உள்ளே பட்டிருந்தது, விடியற்காலையில் போய்விட்டார் என்று சொன்னாள். சாலம்மாள் அழவில்லை. சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். ஏதாவது பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று நர்ஸம்மா அதை மெல்லத் திறந்து பார்த்தாள்.

"என்னமா எழும்பியிருக்கு! நீயே சுட்டியாம்மா?"

"ஆமாங்க," என்றாள் சாலம்மாள். "நாந்தான் சுட்டேன்."

அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் கடைசி.