மீன்சுருட்டிக்காரம்மா கேட்ட கேள்வி

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் எலும்பு ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மீன்சுருட்டி என்ற ஊர்க்காரர், நாற்பது வயதுதான் இருக்கும். கட்டுப்போட்ட வலக் கையை இடக் கையால் ஓயாமல் தடவிக்கொண்டிருந்தார்.

"தண்ணிக் குடத்தைத் தூக்கினேங்க, மணிக்கட்டு ஒடிஞ்சிடுச்சு. முப்பது வயசுல கர்ப்பப்பையோட சினைப்பையையும் எடுத்துட்டாங்க. அதுலதான் எலும்பு தேஞ்சு போச்சாம்."

என் கையிலிருந்த மாத்திரை அட்டையைப் பார்த்து, "இது எதுக்குங்க?" என்றார்.

"மாதவிலக்கு நின்னா குறையற ஹார்மோனுக்குங்க. எலும்புக்கும் நல்லதாம்."

"நான் ஆபரேஷன் ஆனப்பவே இதைச் சாப்பிட்டிருந்தா கை ஒடிஞ்சிருக்காதா?"

"டாக்டரைக் கேளுங்க" என்றேன்.

"வேணாங்க. ஆமான்னு சொல்லிட்டா வூட்டுக்குப் போயி எப்படித் தூங்குறது?"

அவரை உள்ளே கூப்பிட்டார்கள். "போயிட்டு வரேங்க" என்று எழுந்து போனார். டாக்டரிடம் கேட்டாரா, கேட்காமலே திரும்பினாரா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.