சிக்கனச் சீமாட்டியின் அழைப்பு மணி

துணிக்கடையின் பின்னறையில் காற்சட்டைகளுக்கு நீளம் குறைப்பதும் சட்டைகளுக்கு இடுப்புப் பிடிப்பதும் அவருடைய தொழில். பிரித்தெடுத்த நூலைக்கூட எறிய மனமின்றிச் சுற்றி வைத்துக்கொள்வதால், உடன் வேலை செய்வோர் ‘சிக்கனச் சீமாட்டி’ என்று பட்டமளித்தார்கள். நாளடைவில் பட்டத்தின் முன்பாதி தேய்ந்து, ‘சீமாட்டி’ என்பதே நிலைத்துவிட்டது.

வீட்டில் சாப்பாட்டு மேசையின் ஒரு பாதி சீமாட்டிக்கு உரியது. அங்கே ஊசி நூலின் இடத்தில் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னும் ஈயக்கம்பியும் இருக்கும். தையல் மெஷினின் நூலுருளைகள் வைக்கும் பாபின் பெட்டியின் குழிகளில் மிளகளவு எல்.இ.டி. விளக்குகள். கட்டைவிரல் அகலமே உள்ள மின்னணுச் சில்லுகளுக்கு, என்ன நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நிரல் எழுதிக் கொடுப்பார். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கைப்பேசியில் பார்த்துப் பார்த்துத் தாமே கற்றது அது. இஸ்திரிப்பெட்டியை அணைக்க மறந்தால் அலறும் கருவிதான் கடைக்கு அவர் செய்து தந்த முதல் பரிசு. “நம்ம முதலாளியம்மாவுக்கும் ஒண்ணு பண்ணேன், அவங்க அலறும்போது அணைக்க” என்று பக்கத்து மெஷின்காரி கேட்டது இன்றளவும் அங்கே சிரிப்பு.

உண்மையான சோதனை கணவரை முன்னிட்டு வந்தது. அவர் வீட்டிலிருந்தபடியே மூக்குக்கண்ணாடிகளைப் பழுதுபார்ப்பவர். ஒரு கடுங்காய்ச்சல் அவருடைய செவிப்புலனை முழுவதும் கொண்டுபோயிற்று. பேச்சு போகவில்லை, பிறர் பேசுவதை உதட்டசைவில் படித்துக்கொண்டார். ஆனால் வீடு மூன்றாம் மாடியில், தெருக்கதவு கீழே. மணியடித்துச் சலித்த வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள்.

செய்தி நாத்தனாருக்கு எட்டியது. வெளியூரிலிருந்து போன் செய்து தீர்ப்பே சொல்லிவிட்டார். “தம்பிய நான் கூட்டிட்டு வந்துடறேன். நீ காலையில போனா பொழுது சாஞ்சுதான் வர்ற. வீடு தீப்பிடிச்சு எவனாவது கதவை இடிச்சாக்கூட அவனுக்குத் தெரியாது.”

“அங்க போய் நான் என்ன பண்றது? அக்கா வீட்டு நாற்காலில உக்காந்து சுவரைப் பாத்துட்டு இருக்கவா?” என்றார், சீமாட்டியின் உதட்டசைவில் செய்தியை அறிந்த கணவர். குரல் உடைந்திருந்தது, அவருக்குத்தான் அது கேட்கவில்லை.

சீமாட்டி போனை இறுகப் பிடித்துக்கொண்டார். “ஞாயித்துக்கிழமை வாங்க அண்ணி. கீழ நின்னு மணிய அழுத்துங்க. அவர் வந்து கதவைத் திறக்கலைன்னா கூட்டிட்டுப் போங்க.”

தெருக்கதவில் பொத்தானுடன் ஒரு சிறு பெட்டி. கணவரின் மணிக்கட்டில் ஒரு பட்டை. கீழே அழுத்தினால் கம்பியில்லாமலே மேலே பட்டை அதிரும். அதிர்வுக்கான மோட்டார் பழைய கைப்பேசியிலிருந்து கழற்றியது. கீழே மின் இணைப்பு இல்லாததால் பெட்டிக்குள் ஒரு பவர் பேங்கை வைத்தார். சார்ஜ் நெடுநாள் நிற்க வேண்டும் என்று, அடையாளத்துக்கு எரிந்த எல்.இ.டி. விளக்கையும் பிடுங்கிவிட்டார், யாரும் பொத்தானை அழுத்தாத நேரமெல்லாம் சில்லு உறங்கும்படி நிரலையும் மாற்றினார். பொருத்திய கையோடு அழுத்திப் பார்த்தபோது பட்டை அதிர்ந்தது. கணவர் குழந்தைபோலச் சிரித்தார்.

ஞாயிறன்று நாத்தனார் அழுத்தினார்; அழுத்திக்கொண்டே இருந்தார். கதவு திறக்கவில்லை. கடைசியில் போன் செய்து சீமாட்டியை இறங்கிவரச் செய்து, மூச்சிரைக்க மாடியேறினார்.

“பொம்மை நல்லாத்தான் இருக்கும்மா. இவன் துணிமணிய எடுத்து வை.”

கணவர் பட்டையைக் கழற்றி மேசைமீது வைத்தார்.

சீமாட்டி பெட்டியை மேலே கொண்டுவந்து கணினியுடன் இணைத்துப் பொத்தானை அழுத்தினார். பட்டை அதிர்ந்தது. கழற்றி மறுபடி பவர் பேங்கில் மாட்டி அழுத்தினார். அப்போதும் அதிர்ந்தது.

“என்னைப் பாத்தா மட்டும் ஊமையாயிடுமோ?” என்றார் நாத்தனார்.

தையலில் பிசகு தேடும்போது செய்வதுபோல், சீமாட்டி கைகளை மடியில் வைத்துக்கொண்டு பெட்டியையே பார்த்திருந்தார். சற்று நேரத்தில் பவர் பேங்கின் நீலப் புள்ளி தானாக அணைந்தது. பொத்தானை அழுத்தினார். பட்டை அசையவில்லை. சீமாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“தப்பு என்மேலதான் அண்ணி. போன்ல சார்ஜ் நிறைஞ்சதும் பவர் பேங்க் தானா நின்னுடும். இந்தச் சில்லு தூங்கும்போது இழுக்கற மின்சாரம் ரொம்பக் கொஞ்சம். எதுவுமே மாட்டலைன்னு பவர் பேங்க் நினைச்சுக்குது. ஆளே வரலைன்னா நாம ஷட்டரை இழுத்து மூடிட்டுப் போவோமே, அப்படி. கழட்டி மாட்டினாத்தான் மறுபடி முழிக்கும்.”

“ஆக, உன் கஞ்சத்தனம் உன்னையே கவுத்துடுச்சு!”

“ஆமா. இப்ப கொஞ்சம் ஊதாரித்தனம் வேணும். நடுநடுவுல ஒரு பல்பு எரிஞ்சா பவர் பேங்க் மூடிக்காது. கரண்ட்ட நல்லா முழுங்கற பழைய பல்பு எங்கிட்ட இல்ல. உங்க பையில எப்பவும் ஒரு பழைய டார்ச் இருக்குமே?”

நாத்தனார் பையை அணைத்துக்கொண்டார். “அதுக்கு என் டார்ச்சுதான் கிடைச்சுதா?”

“குடுக்கா,” என்றார் தம்பி. “என் துணிப்பெட்டிய அப்புறமும் கட்டலாம்.”

டார்ச்சிலிருந்து கழற்றிய பல்பு, பெட்டியில் பழைய எல்.இ.டி. இருந்த துளையில் ஏறியது. அவ்வப்போது விழித்து அதை ஒருமுறை சிமிட்டிவிட்டு உறங்கும்படி சில்லுக்குப் புதுக் கட்டளை பிறந்தது. பெட்டியைக் கீழே பொருத்தியதும் நாத்தனார் குடையை எடுத்துக்கொண்டார். “எப்ப வருவேன்னு சொல்ல மாட்டேன்.”

தெருத்தெருவாகச் சுற்றி, பூங்கா பெஞ்சில் மனம்போல் உட்கார்ந்துவிட்டுத் திரும்பியபோது, அவருடைய பல்பே கதவோரம் அவரைப் பார்த்துக் கண்சிமிட்டியது. பழைய கோபத்தையெல்லாம் திரட்டிப் பொத்தானை அழுத்தினார்; விரலை எடுக்கவில்லை. படிகளில் தடதடவென்று காலடிகள் கேட்டன.

கதவைத் திறந்த தம்பி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு கத்தினார்: “விடுக்கா! கை கூசுது!”

மாலை பஸ்ஸுக்கு நாத்தனார் தனியாகவே புறப்பட்டார். “ஊர்ல இறங்கி இருட்டுல எப்படி நடப்பேன்?” என்ற முணுமுணுப்புக்கு, தாம் செய்த சிறு விளக்கொன்றை எடுத்துத் தந்தார் சீமாட்டி.

“இது கரண்ட் நிறையக் குடிக்குமா?”

“குடிக்காது அண்ணி. மோந்து பாக்கும், அவ்வளவுதான்.”