கூரை மேல் அப்பா

மகனின் கணினித் திரையில் பச்சைக் கோடுகள் ஓடின. "இந்தக் கம்பெனி கிராஃபிக்ஸ் கார்டுக்கு டிரைவர் சாஃப்ட்வேர் எப்பவும் இப்படித்தான்ப்பா," என்று திட்டினான்.

பசறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டில், என் முதல் கணினியிலும் இதே கோடுகள்தான். விளையாட வந்த கூட்டாளிகள், "கம்பெனி பேரு பெருசு, கார்டு தரிசு," என்று கேலி பேசினார்கள். டிவி மட்டுமே பழகிய அப்பா, கொட்டும் மழையில் தகரக் கூரையேறி ஆன்டெனாவைத் திருப்பினார்.

"இப்பத் தெளிவா இருக்காடா?"

கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவமானம் தாங்காமல், "தெளிவாயிருச்சு, எறங்குங்கப்பா!" என்று கத்தினேன்.

சொட்டச் சொட்ட உள்ளே வந்தவர் கோடுகள் அப்படியே இருப்பதைப் பார்த்தார். கூட்டாளிகள் பக்கம் திரும்பிச் சொன்னார்: "கம்பெனிக்காரனக் குத்தம் சொல்லாதீங்க தம்பிகளா. நம்ம கூரைதான் சரியில்ல."

மகன் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறான். எனக்குத்தான் முகம் சுடுகிறது.