சிவப்பு மையால் அடித்த பதில்

நீல அட்டை போட்ட அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் என் அலமாரியில், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. அட்டையின் ஓரங்களைப் பூச்சி அரித்துவிட்டது. உள்ளே என் தம்பியின் சாய்ந்த ஆங்கில எழுத்தில் ஐம்பத்தெட்டுக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் கீழே அவன் பென்சிலால் எழுதிய பதில், பக்கத்தில் நான் சிவப்பு மையில் போட்ட சரி அடையாளம். முப்பத்தோராம் கேள்விக்கு மட்டும் இரண்டு பதில்கள். முதல் பதிலைச் சிவப்புக் கோடு போட்டு அடித்திருக்கிறேன். இரண்டாவது பதிலின் அருகில் தாள் தேய்ந்து, சுண்டுவிரல் நகமளவுக்கு ஓட்டை விழுந்திருக்கிறது. அந்த ஓட்டை எப்படி விழுந்தது என்பதை இதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அப்போது நான் மலேசியாவில், பாலிங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பாடம் நடத்துவதைவிடப் பிள்ளைகளைப் பரீட்சைக்குத் தயார் செய்வதில் கெட்டிக்காரி என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அப்பாவும் அம்மாவும் அதே தோட்டத்தில் ரப்பர் மரங்களில் பால் வெட்டினார்கள். தம்பி பினாங்கில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் தொழில் பழகி, பிறகு ஒரு சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் வேலைக்குச் சேர்ந்தான். சில ஆண்டுகள் கடலில் கழித்துவிட்டு, பொறியாளர் சான்றிதழுக்காக நீண்ட விடுப்பில் வீட்டுக்கு வந்தான். எழுத்துத் தேர்வுகளை எல்லாம் தாண்டிவிட்டான். மிச்சம் இருந்தது வாய்மொழித் தேர்வு. அனுபவமுள்ள கப்பல் பொறியாளர் ஒருவர் எதிரே உட்கார்ந்துகொண்டு, இது கெட்டால் என்ன செய்வாய், அது தீப்பிடித்தால் என்ன செய்வாய் என்று கேட்டுக்கொண்டே போவாராம். யோசித்து இழுத்தால் ஆள் தேறமாட்டான் என்று முடிவு கட்டிவிடுவாராம். அப்பாவுக்கு வேலை ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்றால், தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டைத் தோட்டத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் அதிகாரியாகி, சுங்கைப் பட்டாணியில் ஒரு வீடு வாங்கி அவர்களைக் குடிவைத்துவிட வேண்டும் என்று தம்பி நினைத்திருந்தான். ஆகவே அது எங்கள் நால்வருக்குமான பரீட்சை.

பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு வகுப்பறையிலேயே ஒத்திகை நடக்கும். அவன் வெள்ளைச் சட்டையைக் காற்சட்டைக்குள் விட்டுக்கொண்டு, இரண்டாம் வகுப்புப் பெஞ்சில், முழங்கால்கள் நெஞ்சில் இடிக்க உட்காருவான். நான் மேசைக்குப் பின்னால், சிவப்புப் பேனாவுடன். கேள்விகளை ஆங்கிலத்தில் உரக்கப் படிப்பேன். பாதிச் சொற்களுக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. தெரியாததைக் காட்டிக்கொள்ளாமல் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வேன். அவனும் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டு, எனக்காகத் தமிழில் இறங்கிவருவான். "கொதிகலன்ல தண்ணி எவ்ளோ இருக்குன்னு காட்ற கண்ணாடி காலியா இருந்தா, மொதல்ல நெருப்பத்தான் அணைக்கணும்க்கா. பயந்துபோயி தண்ணிய ஏத்துனா வெடிச்சிரும் லா." ஒருநாள் கரும்பலகையில் அந்தக் கொதிகலனை வரைந்து காட்டினான். அழிக்க மறந்துவிட்டோம். மறுநாள் காலையில் ஒரு சிறுமி, "டீச்சர், இந்த யானைக்கு ஏன் கண்ணே இல்ல?" என்று கேட்டாள். இதை அவனிடம் சொன்னபோது பெஞ்சு ஆடும் அளவுக்குச் சிரித்தான்.

முதல் முறை அவன் தேறவில்லை. பினாங்கிலிருந்து பேருந்து மாறி மாறி வந்து, கழுத்துப் பட்டையைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தேன்.

"ஒரே ஒரு கேள்விக்கா," என்றான். "அடைச்சு வெச்ச டேங்கு. உன் ஆளு உள்ள விழுந்து கெடக்குறான். நீ மேல நிக்கிற. என்னா செய்வேன்னு கேட்டாரு. எறங்குவேன்னு சொன்னேன். நல்லா யோசிச்சுச் சொல்லுன்னாரு. கயிறு கட்டிக்கிட்டு எறங்குவேன்னு சொன்னேன். ஃபைல மூடிட்டாரு."

மறுபடியும் தவறினால் இன்னும் ஆறு மாதம் கடலில் கழித்துவிட்டுத்தான் வரவேண்டும். அதற்குள் அப்பாவின் வேலை முடிந்துவிடும்.

அவன் ஏன் அந்தப் பதிலைச் சொன்னான் என்று எங்கள் லயத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். அவன் பிறப்பதற்கு ஓராண்டு முன்பு, ஒரு கடும் வெயில் காலத்தில், லயத்துக் கிணற்றைத் தூர்வார மண்ணெண்ணெய் இயந்திரத்தை உள்ளே இறக்கித் தண்ணீரை இறைத்தார்கள். இயந்திரத்தை நிறுத்திய கையோடு அப்பா உள்ளே இறங்கினார். இறங்கியவர் அப்படியே சரிந்தார். மேலே நின்றவர்கள் கிணற்று முனி அடித்துவிட்டது என்று பின்வாங்கிவிட்டார்கள். எதிர்வீட்டுப் பெரியப்பா மட்டும் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கி, அப்பாவின் இடுப்பில் கயிற்றை மாட்டி அனுப்பிவிட்டு, கடைசியில் தானும் பாதி நினைவோடு மேலே வந்தார். அவர் எங்களுக்கு உறவு இல்லை, அன்றிலிருந்து ஆனார். ஒவ்வொரு தீபாவளிக்கும் படையல் முடிந்ததும் முதல் இலை அவர் வீட்டுக்குத்தான் போகும். கொண்டுபோன ஆள் திரும்பி வந்த பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம். இலையைக் கொண்டுபோகிற வேலை தம்பியுடையது. ஒவ்வொரு வருடமும் பெரியப்பா அவனை உட்காரவைத்துக் கிணற்றுக் கதையைச் சொல்லித்தான் அனுப்புவார். "நான் எறங்கலன்னா நீ ஏதுடா?" என்று முடிப்பார். தம்பி கப்பலுக்குப் போன பிறகு என்னிடம் சொன்னான்: "முனியும் இல்ல ஒன்னும் இல்லக்கா. எஞ்சின் விட்ட விஷக் காத்து. அது கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. பெரியப்பா பொழச்சதே பெரிய விஷயம்." தோட்டத்தில் அதை முழுதாகப் புரிந்துகொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான்.

மறுநாள் ஒத்திகையில் நோட்டைத் திறந்தேன். முப்பத்தோராம் கேள்விக்குக் கீழே அவன் எழுதியிருந்த பதில் ஒரே வரி: கயிறு கட்டிக்கொண்டு இறங்கி அவனை மேலே கொண்டுவருவேன். நான் சிவப்பு மையால் அதை அடித்தேன். பாடப்புத்தகத்தைப் பார்த்துக் கீழே சரியான பதிலை எழுதச் சொன்னேன். நான் இறங்கமாட்டேன். அபாய மணியை அடிப்பேன். யாரையும் இறங்கவிடமாட்டேன். காற்றைச் சோதித்து, மூச்சுக் கருவி மாட்டிய ஆட்கள் வரும்வரை காத்திருப்பேன். எழுதிவிட்டான். ஆனால் வாயால் சொல்ல வரவில்லை. ஐம்பத்தேழு கேள்விகளுக்கு மடமடவென்று பதில் சொன்னவன், இதில் முதல் வாக்கியத்திலேயே நின்றான். பத்து முறை சொல்லவைத்தேன். பத்து முறையும் தொண்டையைச் செருமிக்கொண்டு சன்னல் பக்கம் பார்த்தான்.

சன்னலுக்கு வெளியே பெரியப்பா பள்ளி வளாகத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். வயதாகிவிட்டதால் தோட்டத்தில் அவருக்கு அந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள். தம்பி ஆங்கிலத்தில் "நான் இறங்கமாட்டேன்" என்று திணறிக்கொண்டிருந்தபோது, அவர் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் பூரிப்பு. "பய என்னாமா தஸ்ஸு புஸ்ஸுன்னு பேசுறான் பாத்தியா டீச்சரம்மா," என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவர் போன பிறகு, "அவர வெச்சுக்கிட்டு இத சொல்ல முடியலக்கா," என்றான்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. என் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்வதையே அவனிடமும் சொன்னேன். "டேய், இது பரீட்சை. கேள்வி கேக்குறவருக்கு என்னா வேணுமோ அத சொல்லிட்டு வா. கப்பல்ல போயி உன் மனசுக்கு எது சரின்னு படுதோ அத செய். உன்ன யாரு வந்து பாக்கப் போறா?"

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். முகத்தில் ஏதோ இறங்கியது போல ஒரு நிம்மதி. கடைத்தெருவில் தொலைந்த பிள்ளைக்குத் தாய் கிடைத்தால் வருமே, அப்படி. "அட, அப்படிச் சொல்லு," என்று சிரித்துவிட்டு, பதிலை ஒரே மூச்சில், ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னான். நான் சரி போட்டேன். எனக்கு மனநிறைவு வந்தால் பக்கத்தில் 'நன்று' என்று எழுதும் பழக்கம் உண்டு. அதையும் எழுதினேன். நோட்டில் அந்த ஒரு பதிலுக்குத்தான் அப்படி எழுதியிருக்கிறேன்.

அவன் தேறினான். அதே கேள்வியை அதே ஆள் முதல் கேள்வியாகக் கேட்டாராம். பதிலைக் கேட்டுவிட்டுக் கைகுலுக்கினாராம். தோட்டத்தில் பாதிப் பேருக்கு மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தான். பெரியப்பாவுக்கு ஒரு சட்டைத் துணி. எனக்குச் சிவப்பு மை நிரப்பிய புதுப் பேனா. சுங்கைப் பட்டாணியின் பாக்கார் ஆராங்கில் வீடு பார்த்து முன்பணமும் கட்டிவிட்டு, மீண்டும் கப்பல் ஏறினான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, காலை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது தோட்டத்து அலுவலகக் கிராணி சைக்கிளில் வந்து என்னை வெளியே கூப்பிட்டார். அவர் கையில் தந்தி இருந்தது. அதற்குப் பிறகு கப்பல் நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம். அதில் ஒரு வரி: அன்னார் பாதுகாப்பு நடைமுறைகளை நன்கு அறிந்தவர். அந்த வரியை நான் அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

என்ன நடந்தது என்று, அவனோடு வேலை செய்த ஓர் அதிகாரி வீடு தேடி வந்து சொன்னார். கப்பலின் அடியில், நெடுநாள் அடைத்துவைத்திருந்த இரும்புத் தொட்டி. துரு ஏற ஏற உள்ளே இருக்கும் நல்ல காற்றைத் தின்றுவிடுமாம். இந்தோனேசியாக்காரப் பையன் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே போய் விழுந்துவிட்டான். முதலில் பார்த்தவன் தம்பி. அபாய மணியை அவனே அடித்திருக்கிறான். ஓடிவந்த இரண்டு பேரை, யாரும் இறங்கக் கூடாது என்று கத்தி நிறுத்தியிருக்கிறான். மூச்சுக் கருவி எடுத்துவர ஆள் அனுப்பியிருக்கிறான். பிறகு இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, தான் இறங்கியிருக்கிறான். கருவி வந்துசேர ஐந்து நிமிடம் ஆனது. அதற்குள் தம்பியும் அடங்கிவிட்டான். அந்தப் பையன் தம்பி இறங்குவதற்கு முன்பே இறந்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னாராம். அவர் சொல்லச் சொல்ல, நான் எழுதவைத்த பதில் வரி வரியாக எனக்குள் ஓடியது. எல்லாவற்றையும் செய்திருக்கிறான், ஒழுங்காக, வரிசையாக. முதல் வாக்கியத்தை மட்டும் தன் மனசுக்குச் சரி என்று பட்டபடி செய்துவிட்டான்.

அந்த வருடமும் தீபாவளி வந்தது. எங்கள் வீட்டில் பண்டிகை இல்லை. ஆனாலும் அம்மா சோறு வடித்து, ஓர் இலையில் வைத்து, "கொண்டுபோயி குடுத்துட்டு வா," என்று என்னிடம் நீட்டினார். எதிர்வீட்டில் பெரியப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இலையை வாங்கவில்லை.

"இனிமே இது வேணாம் டீச்சரம்மா," என்றார். "நான் எறங்குனது தப்பில்ல. உங்கப்பன நான் எப்படி விடுவேன்? ஆனா எறங்குனத வருஷா வருஷம் அந்தப் பயகிட்ட சொல்லிச் சொல்லி நெஞ்ச நிமுத்துனேன் பாரு. எறங்குனப்ப எவ்வளோ பயந்தேன்னு ஒரு தடவகூட சொன்னதில்ல."

அவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். கதை சொன்னது நீங்கள், அதன்படி செய்யச் சொன்னது நான் என்று. வாய் வரை வந்தது. அழுதுகொண்டிருந்தவரின் முன்னால் இலையை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். பாரத்தில் பாதியை அவர் தலையிலேயே விட்டுவிட்டு வந்தேன் என்பது எனக்கு அப்போதே தெரியும். அவர் அதைச் சுமந்துகொண்டேதான் போய்ச் சேர்ந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். விரலை எச்சில் தொட்டு 'நன்று' என்ற சொல்லைத் தேய்த்தேன். மை கலங்கிப் பரவியதே தவிர, போகவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தேன். தாள் நூலாகப் பிரிந்து, கடைசியில் ஓட்டை விழுந்தது.

அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தினேன். பரீட்சைக்கு இதைச் சொல், பிறகு உன் இஷ்டம் என்று ஒரு பிள்ளையிடமும் சொல்லவில்லை. இப்போது அவன் வாங்க நினைத்த பாக்கார் ஆராங் வீட்டில் தனியாக இருக்கிறேன். மீதிப் பணத்தை அவனுக்காக வந்த நட்ட ஈட்டுத் தொகையில் கட்டினோம். மத்தியானங்களில் சமையலறையில் நிற்கும்போது, முன்னறையில் யாரோ தொண்டையைச் செருமுவது கேட்கும். முதல் வாக்கியத்தில் நிற்கும்போது அவன் செருமுவானே, அதே செருமல். போய்ப் பார்ப்பதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, அவன் பதிலைச் சொல்லி முடிக்கட்டும் என்று நிற்பேன்.

எப்போதாவது நோட்டைத் திறப்பேன். ஓட்டைக்கு மேலே, சிவப்புக் கோட்டுக்குள், அவனுடைய முதல் பதில் பென்சில் எழுத்தில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அதை நான் அடிக்காமல் விட்டு, பேனாவை மூடிவைத்துவிட்டு, "ஏண்டா எறங்குவ? நீயும் விழுந்தா எனக்கு யாருடா இருக்கா?" என்று கேட்டிருக்க வேண்டும். ஐம்பத்தெட்டுக் கேள்விகளில் அது இல்லை. நானும் கேட்கவில்லை.