மாமாவின் காரும் பின்சீட்டு ஸ்பீக்கரும்

என் அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் என்னை வாயாடி என்று கூப்பிடுவார். இரண்டுமே உண்மை என்பதால் இருவருக்கும் வருத்தமில்லை.

மாமா வாடகைக் கார் ஓட்டுகிறார். கார் சொந்தக் கார்தான். அவருக்கு முன்னால் மூன்று பேருக்குச் சொந்தமாக இருந்தது. நாலு பேரில் இவர் ஒருவர்தான் அதைக் கழுவியிருக்கிறார் என்பது பார்த்தாலே தெரியும். எதையும் ஜோடி சேர்த்து வைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கொடியில் துணி காயப்போட்டால் நீலத்துக்குப் பக்கத்தில் நீலம், பச்சைக்குப் பக்கத்தில் பச்சை, மாட்டுகிற கிளிப்பும் அதே நிறம். “இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்” என்பாள் அம்மா. “கொடிதான் கொடுத்து வெச்சிருக்கு” என்பேன் நான். இந்தக் குணத்தை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

அக்கா ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள். சனிக்கிழமைகளில் ஒரு கோரஸ் குழுவில் பாடுகிறாள். பாடும்போது வரியின் கடைசியில் குரலை லேசாக மேலே தூக்கி ஒரு கொக்கி போட்டு நிறுத்துவாள். குழுத் தலைவி எத்தனை முறை திட்டியும் அந்தக் கொக்கி போகவில்லை. கடையில் “அடுத்தது யாரு” என்று கூப்பிடும்போதும் அது உண்டு. எங்கள் வீட்டில் கதவைத் தட்டாமலேயே, வாசலில் கேட்கிற அந்தக் கொக்கியை வைத்தே வந்தது அக்காதான் என்று தெரிந்துகொள்வோம்.

போன வருஷம் ஒரு பெரிய பாடகியின் புதுப் பாட்டுக்குப் பின்னால் பாட அந்தக் குழுவிலிருந்து பதினாறு பெண்களை எடுத்தார்கள். அக்காவும் ஒருத்தி. இடது பக்க ஓரத்தில் கடைசி ஆளாக நிற்க வைத்தார்களாம். ஒரு காலைப்பொழுது பாடிவிட்டு வந்து, மைக் எப்படி இருந்தது, தரையில் என்ன விரிப்பு, தலையில் மாட்டிய ஹெட்ஃபோன் எவ்வளவு கனம் என்று சாயங்காலம் வரை சொன்னாள்.

பாட்டு வெளியானது. ஃபோனை நடுவில் வைத்து நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தோம். பாட்டு முடிந்ததும் அம்மா, “நல்லாத்தான் இருக்கு. நீ எப்ப பாடுவ?” என்று கேட்டாள்.

“பாடியாச்சும்மா.”

மறுபடி போட்டோம். பாடகியின் குரலுக்குப் பின்னால், வெந்நீர்ப் பாத்திரத்து ஆவி மாதிரி ஏதோ ஒன்று எழுந்து அடங்கியது. அதுதான் பதினாறு பெண்கள். அப்போது என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. “அக்கா, உன் குரலைக் கண்டுபிடிக்கணும்னா போலீஸ்லதான் புகார் கொடுக்கணும்” என்றேன். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். சிரித்துவிட்டு எழுந்துபோய், ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துணியை எடுத்து மறுபடி மடித்தாள்.

சில வாரம் கழித்துக் குழுத் தலைவி ஃபோன் செய்தார். இன்னொரு பாட்டு, அதே பதினாறு பேர். “எனக்குப் பதிலா வேற யாரையாவது போட்டுக்கங்க” என்றாள் அக்கா. “அவசரப்படாதே. அடுத்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம் தர்றேன்” என்று அவர் வைத்துவிட்டார். மாமா ஏன் என்று கேட்டதற்கு, “நான் இருந்தாலும் தெரியல, இல்லாட்டியும் தெரியாது. இதுக்கு எதுக்குங்க கடைக்கு லீவு போட்டுட்டு ஓடணும்? இனிமே சனிக்கிழமையும் போகல” என்றாள்.

சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த எனக்கு இது முழுசாகக் கேட்டது. நான் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவள். நாள் முழுக்க குத்தியும் எதுவும் வலித்ததில்லை. அன்று வலித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் சில வாரம் தாமதமாக.

மறுநாள் காலையில் பார்த்தால் மாமா காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஃபோன் ஸ்பீக்கர் சட்டை பட்டன் அளவு. அதுக்குள்ளேருந்து பதினாறு பேர் எப்படி வெளிய வருவாங்க? நீயே சொல்லு வாயாடி” என்றார். “வீட்டுல குக்கர் சத்தம், தெருவுல ஹாரன் சத்தம். கார்ல கண்ணாடியை ஏத்திட்டா நாம உண்டு பாட்டு உண்டு. நல்ல ஸ்பீக்கர் போட்டா அவ குரல் தனியா வந்துடும்.”

கார் ஸ்பீக்கர்களோ காகிதம் கிழிந்து, என்ன பாட்டு போட்டாலும் சளி பிடித்தவர் பாடுகிற மாதிரி இருக்கும். கையிலிருந்த பணம் புது சீட் கவருக்காக எடுத்து வைத்தது மட்டும்தான். விரலுக்கேத்த வீக்கம்தானே வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். “விரல்தான் சின்னது. காது பெருசு” என்றார்.

மாமாவுக்குத் தெரிந்த ஃபிட்டர் ஒருவர் ஒற்றை ஷட்டர் கடையில் காருக்கு ஸ்பீக்கர் மாட்டித் தருகிறார். அவர் ஸ்பீக்கரைப் பார்க்கவே இல்லை. கதவை விரல் முட்டியால் தட்டினார். டொங் என்றது.

“இது கதவில்லைண்ணே, தகர டப்பா. எவ்வளவு நல்ல ஸ்பீக்கர் போட்டாலும் டப்பாதான் பாடும். முதல்ல கதவை ஊமையாக்குங்க.”

அதற்கென்று விற்கிற ஷீட்டின் விலையைக் கேட்டதும் நாங்கள்தான் ஊமையானோம். ஃபிட்டரே வழி சொன்னார். கூரை ஒழுகினால் ஒட்டுகிற தார் டேப்பை ஹார்டுவேர் கடையில் வாங்கி, கதவின் உள்பக்கத் தகரத்தில் ஒட்டினால் போதுமாம். பரிகாரமாக இருக்கட்டும் என்று அரைநாள் லீவு போட்டு நானும் ஒட்டினேன். கை இரண்டும் கறுத்து, மூன்று நாள் தபால்களில் என் விரல் ரேகையும் போனது. ஆனால் டொங் என்ற கதவு டொக் என்றது. அந்த டொக் சத்தத்தைக் கேட்கச் சொல்லி மாமா எதிர்வீட்டுக்காரர், பேப்பர் போடுகிறவர், தண்ணி மீட்டர் பார்க்க வந்தவர் என்று ஒருவரையும் விடவில்லை. மீட்டர்காரர் இரண்டு முறை தட்டிப் பார்த்து, “உறுதியான கதவு” என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார்.

ஸ்பீக்கர்கள் ஃபிட்டரின் அலமாரியிலிருந்து வந்தன. யாரோ பெரிசு வேண்டும் என்று கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன முன்பக்க ஜோடி ஒன்று, நீள்வட்டமான பின்பக்க ஜோடி ஒன்று. ஆம்ப்ளிஃபயர், மோதி நசுங்கிய ஒரு காரிலிருந்து எடுத்தது. ஒரு மூலை மட்டும் வளைந்திருந்தது. மேஜைமேல் வைத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்துத்தான் கொடுத்தார். எல்லாவற்றிலும் இறங்கி வந்த மனிதர், பேட்டரியிலிருந்து வருகிற ஒயரிலும் ஃப்யூஸிலும் மட்டும் இறங்கவில்லை. “வேற எதுல வேணா மிச்சம் பிடிங்க. இதுல பிடிச்சா வண்டி பத்திக்கும்” என்றார்.

ஆம்ப்ளிஃபயரையும் முன்பக்க ஸ்பீக்கர்களையும் அவரே மாட்டினார். அதோடு சீட் கவர் கரைந்துவிட்டது. “பின்னாடி ரெண்டையும் நானே மாட்டிக்கிறேன்ணே, கூலி மிச்சம்” என்றார் மாமா. ஃபிட்டர் மீந்துகிடந்த ஒயரைச் சும்மாவே கொடுத்தார். எல்லாம் ஒரே வெள்ளை. “எது பிளஸ், எது மைனஸ்னு குழம்பிடும். பிளஸ் ஒயருக்கு ஏதாவது அடையாளம் வெச்சுக்குங்க” என்று மட்டும் சொன்னார்.

மாமா அக்காவின் நகப் பாலிஷை எடுத்து, இடது பக்க பிளஸுக்கு ஒரு சிவப்புப் பொட்டு, வலது பக்க பிளஸுக்கு ஒரு சிவப்புப் பொட்டு, இரண்டு முனையிலும் வட்டம் பிசகாமல் வைத்தார். ஒயர்களைக் காரின் தரைவிரிப்புக்கு அடியில் ஓட்டிப் பின்னால் கொண்டுவந்தார். அங்கே நாலு முனைகள். இரண்டு சிவப்புப் பொட்டு, இரண்டு வெறும் வெள்ளை. எதிரே இரண்டு ஸ்பீக்கர்கள். மாமா என்ன செய்திருப்பார் என்பது எங்கள் வீட்டுக் கொடியைப் பார்த்த எவருக்கும் தெரியும். சிவப்போடு சிவப்பைச் சேர்த்து ஒரு ஸ்பீக்கருக்கும், வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்து இன்னொன்றுக்கும் கொடுத்தார். டார்ச் பிடித்தது நான். “பாத்தியா, எவ்வளவு நீட்டா இருக்கு” என்றார். எனக்கும் நீட்டாகத்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு வாசலில் நின்ற காரில் நாலு பேரும் ஏறினோம். மாமாவும் அம்மாவும் முன்னால், அக்காவும் நானும் பின்னால். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு மாமா பாட்டைப் போட்டார்.

பொய் சொல்லக்கூடாது, பிரமாதமாக இருந்தது. முன் கதவுகளிலிருந்து வந்த தாளம் முதுகெலும்பில் வந்து உட்கார்ந்தது. பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. “என் மடியிலயே உக்காந்து பாடுறா” என்றாள் அம்மா. ஆனால் கோரஸ் வந்த இடத்தில் அதே ஆவிதான், கொஞ்சம் பெரிய பாத்திரத்து ஆவி. நல்ல ஸ்பீக்கர் பாடகியை இன்னும் பெரியவளாக்கி இருந்தது, அவ்வளவுதான்.

“நல்லா இருக்குங்க. ரொம்ப நல்லா இருக்கு” என்றாள் அக்கா. மாமாவைத் தேற்றுகிற குரல் அது. அவள் கை கதவைத் திறக்கப் போயிருந்தது. மாமாவின் காது மடல் சிவந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

அப்போது அம்மா, “முன்னாடி சத்தம் காதை அடைக்குது மாப்பிள்ளை. கொஞ்சம் பின்னாடி தள்ளி விடுங்களேன்” என்றாள். மாமா முன்பக்கச் சத்தத்தை ஒரேயடியாகக் குறைத்து, முழுவதையும் பின்பக்கத்துக்குத் திருப்பினார்.

பாடகி காணாமல் போனாள். பொய்யில்லை. நடுவரியில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்ட மாதிரி, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற ஒரு எதிரொலி மட்டும் மிச்சம். தாளமும் போனது. எனக்கு இடது பக்கம் இருந்த ஸ்பீக்கர் மூச்சே விடவில்லை.

“போச்சு! ஏதோ ரிப்பேர் ஆயிடுச்சு” என்று மாமா அணைக்கப் போனார்.

“கையை எடுங்க மாமா!” என்று கத்தினேன்.

ஏனென்றால் கோரஸ் வந்திருந்தது. ஆவியாக இல்லை, ஆட்களாக. ஐந்தாறு பெண்கள், ஒவ்வொருத்தியும் தனித்தனியாக, என் தோளுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி. அதிலே முன்னால் நின்ற குரல் வரியை முடித்தபோது, கடைசியில் லேசாக மேலே தூக்கி ஒரு கொக்கி போட்டது.

அம்மா சீட்டில் முழுசாகத் திரும்பிவிட்டாள். “அடியே, இது நீதானே!”

அடுத்த வரி. மறுபடி கொக்கி. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். விரல் இடுக்கில் அவள் சிரிப்பதும் தெரிந்தது, அழுவதும் தெரிந்தது. மாமா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நிற்கிற காரை ஓட்டுகிறவர்போல நேரே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது முறை போட்டோம். ஒன்பது முறையும் அக்கா அதே இடத்தில் வந்தாள். பத்தாவது முறைக்கு முன்னால் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “தப்பா பேசிட்டேன்க்கா. போலீஸ் புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்” என்றேன். அவள் என் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் குட்டு வாங்கியதில்லை.

சாயங்காலக் கெடு வரை அக்கா காத்திருக்கவில்லை. பின்சீட்டிலிருந்தபடியே குழுத் தலைவிக்கு ஃபோன் போட்டு, “நான் வர்றேன்” என்றாள். அதிலும் கொக்கி இருந்தது.

ஒரு ஸ்பீக்கர் பேசவே இல்லையே என்று மறுநாள் மாமா காரை ஃபிட்டரிடம் கொண்டுபோனார். நானும் போனேன். பின்பக்கத்தைத் திறந்து பார்த்த மனிதர், பக்கத்திலிருந்த டயர்மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடிக்கவே நேரமானது.

“ரெண்டு பிளஸையும் ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுத்திருக்கீங்கண்ணே. அப்புறம் இன்னொண்ணு எப்படிப் பேசும்? இருங்க, சொல்றேன். பாட்டுல நடுவுல நிக்கிறவங்க குரல் இடது பக்கமும் வலது பக்கமும் சமமா வரும். நீங்க ரெண்டையும் மோத விட்டுட்டீங்க. சமமா இருந்தது ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. ஒரு பக்கமா ஓரத்துல நின்னவங்க மட்டும் தப்பிச்சிருக்காங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “விடுங்க, அஞ்சு நிமிஷம், சரி பண்ணிடறேன்.”

“வேணாம்ணே” என்றார் மாமா.

“வேணாமா? சவாரி வர்றவங்க பாடகி எங்கன்னு கேப்பாங்களே!”

மாமா விஷயத்தைச் சொன்னார். ஃபிட்டர் சிரிப்பை நிறுத்தினார். பிறகு டப்பாவில் தேடி ஒரு பழைய சுவிட்சை எடுத்து, டாஷ்போர்டுக்குக் கீழே பொருத்தினார். மேலே தள்ளினால் ஊர் கேட்கிற பாட்டு. கீழே தள்ளினால் மாமா கேட்கிற பாட்டு. கூலி வாங்கவில்லை. “தப்பு உங்களுது. நான் அதுக்குத் தாழ்ப்பாள்தான் போட்டேன்” என்றார். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார் ஆன கதை இது ஒன்றுதான் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் மாமா அந்த சுவிட்சுக்கும் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார்.

இப்போது சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அவர் விரல் கீழே போகிறது. ஒரு பெரியவர், “என்னப்பா, பாடுற அம்மாவைக் காணோம்?” என்று கேட்டிருக்கிறார். “அவங்க கொஞ்சம் ஓய்வெடுக்கிறாங்க சார். இது எங்க வீட்டம்மா” என்றிருக்கிறார் மாமா. பெரியவர் இறங்கும்வரை வீட்டம்மாவையே கேட்டுக்கொண்டு போனாராம்.

புதுப் பாட்டின் ஒலிப்பதிவு முடிந்து அக்கா வந்த அன்று, நாங்கள் வாசலிலேயே காத்திருந்தோம். இந்த முறை குழுத் தலைவி அவளை ஓரத்திலிருந்து கூப்பிட்டு, “வா, நடு மைக்குக்கு நேரா, முதல் வரிசையில நில்லு” என்றாராம். குழுவில் அதற்காக ஏங்காதவர்கள் கிடையாது.

“நின்னியா?” என்று அம்மா பரபரத்தாள்.

“மாட்டேன்னுட்டேன்.”

“உனக்கென்ன பைத்தியமா? ஊரே கேட்டிருக்குமே!”

“ஊர் கேக்கும்மா. நடுவுல நின்னா எங்க கார்ல கேக்காதே” என்றாள் அக்கா.

மாமா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்ததையெல்லாம் மடித்து அடுக்கிவிட்டு உள்ளே போனார். நான் போய்ப் பார்த்தேன். பச்சைமேல் நீலம், நீலத்துமேல் சிவப்பு, எல்லாமே மாறிக் கிடந்தது.