முன்னாடி அக்கா வீட்டில் இருந்த நாட்கள்

குகைக்குள் போனவர்களைப் பற்றித்தான் பாட்டுக் கட்டுகிறார்கள். பூதத்தின் தலை உருண்டதும் பாட்டு முடிந்துவிடும். கேட்டவர்கள் கை தட்டிவிட்டு எழுந்து போவார்கள். வெட்டியவள் வீட்டுக்கு வந்து, இரும்புச் சட்டையில் உறைந்த ரத்தத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, இடுப்பு வலியோடு குப்புறக் கிடப்பதை எந்தப் பாட்டுக்காரனும் பாடியதில்லை. பாடினால் காசு விழாது, வேறென்ன.

அவள் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. முன்னாடி அக்கா என்றால்தான் தெரியும். நாலு பேர் கொண்ட கூட்டம் அது: ஒரு மந்திரக்காரர், ஒரு வைத்தியக்காரி, பூட்டுத் திறக்கிற ஒருவன், அப்புறம் இவள். இருட்டுக்குள் யார் முதலில் போவது என்று பேச்சு வந்தால் மற்ற மூவரும் ரொம்ப மரியாதையாக ஒதுங்கி இவளுக்கு வழிவிடுவார்கள். அந்த மரியாதையில், முதுகைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அவளுக்குத் தழும்பு.

ஒரு குகைக்கும் அடுத்த குகைக்கும் நடுவில் அவரவர் பாடு. மந்திரக்காரர் பகலெல்லாம் தூங்குவார். வைத்தியக்காரியின் வாசலில் அக்கம்பக்கத்தார் கட்டியும் புண்ணுமாக வந்து நிற்பதால் அவள் பின்கதவு வழியாகத் தலைமறைவாகிவிடுவாள். பூட்டுக்காரனை யாரும் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. முன்னாடி அக்காவுக்கு மட்டும் குடும்பம் என்று ஒன்று இருந்தது: தையல்காரக் கணவன், ஆறு வயது மகள்.

அந்த மகள்தான் அவளுக்குப் பெரிய கவலை. அம்மா வந்து சேர்ந்தால் பிள்ளை முதலில் அப்பாவின் காலைக் கட்டிக்கொள்ளும். அப்புறம் கதவோரம் நின்று பார்க்கும். மெல்ல மெல்லப் பக்கத்தில் வந்து உட்காரும் சமயத்தில் மந்திரக்காரர் வாசலில் வந்து தொண்டையைக் கனைப்பார். ஒவ்வொரு தடவையும் இதே கதை.

இந்தத் தடவை அவள் கணவனிடம் சொல்லிவிட்டாள். "போதும்ங்க. உடம்பு தாங்கல. இனிமே வீட்லதான்."

அவன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "சொல்லு, சொல்லு. போன தடவையும் இதையேதான் சொன்ன," என்றான்.

வீட்டில் இருப்பது அவ்வளவு சுலபமாகவும் இல்லை. சமையலறைக்குள் நுழையுமுன் தரையைக் கம்பால் தட்டிப் பார்த்தாள். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டுதான் சாப்பிட்டாள். எல்லாவற்றையும்விட, வேலை அறையில் புதிதாக வந்திருந்த மரப்பெட்டி அவளைப் பாடாய்ப் படுத்தியது. வெட்டுத் துணி போட்டு வைக்கக் கணவன் வாங்கியது. ஆனால் குகைகளில் பெட்டி மாதிரியே உருவம் எடுத்து உட்கார்ந்திருக்கும் ஒரு பூதம் உண்டு. மூடியைத் தொட்டால் கை போய்விடும். வைத்தியக்காரியின் தம்பிக்கு அப்படித்தான் போனது. அதனால் அந்த நாலு பேருக்குள் ஒரு கட்டளை இருந்தது: மூடி தானாக அசைந்தால் முதலில் வெட்டு, பிறகு பார்.

"அது பெட்டிதான்மா, ஒண்ணும் பண்ணாது," என்று கணவன் சொன்னான். அவளும் தலையாட்டினாள். மூளைக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை.

ஒரு நாள் காலையில், துவைத்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். வேலை அறையில் யாரும் இல்லை. பெட்டியின் மூடி கொஞ்சம் உயர்ந்தது; மறுபடி மூடிக்கொண்டது.

கோடாலி கைக்கு எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது. ஓங்கி இறக்கியபோதுதான் உள்ளேயிருந்து 'களுக்'கென்று ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. இறங்கும் கோடாலியை நிறுத்த முடியாது. உடம்பையே ஒரு பக்கமாகச் சாய்த்து விழுந்தாள். பெட்டியின் மூலை சிதறிப் போனது.

துணிகளுக்கு நடுவில் மகள் உட்கார்ந்திருந்தாள். ஒரு கீறல்கூட இல்லை. அம்மா கண்டுபிடிக்கட்டும் என்று ஒளிந்திருந்திருக்கிறாள். அம்மாவோடு விளையாட அவளாக வந்தது அதுதான் முதல் தடவை.

கணவன் ஓடிவந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டான். அவன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கோடாலியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிள்ளையோடு அடுத்த அறைக்குப் போய்விட்டான். அவள் தரையிலேயே கிடந்தாள். குகையில் எத்தனையோ முறை செத்துப் பிழைத்தவள்தான், ஆனால் இப்படிப் பயந்ததில்லை.

மறுநாள் வாசலில் மந்திரக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"வடக்கு மலையில ஒரு குகை தங்கச்சி. ஆழம் கொஞ்சம் அதிகம்தான். நீ முன்னாடி போனா போதும், மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

கேட்டதும் அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைத்து என்ன பயன்? அங்கே எதை வெட்டினாலும் சரியாகத்தான் இருக்கும். அங்கே யாரும் ஒளிந்து விளையாடுவதில்லை. செருப்பைத் தேடிக் கால் தானாகத் திரும்பியது.

அப்போது உள்ளே மகள் அப்பாவிடம் மெதுவாகக் கேட்டாள்: "அம்மா எப்போப்பா போவாங்க?"

முன்பெல்லாம் அம்மா எப்போ வருவாங்க என்று கேட்கிற பிள்ளை.

முன்னாடி அக்கா செருப்பைக் காலால் ஒதுக்கித் தள்ளினாள். பிறகு உள்ளே போய்க் கோடாலியையும் கேடயத்தையும் எடுத்துவந்து மந்திரக்காரர் கையில் திணித்தாள். கனம் தாங்காமல் அவர் தள்ளாடினார்.

"இத வேற யாருக்காவது குடுத்துடுங்க அண்ணே."

"அப்போ முன்னாடி யார் போறது?"

"அது உங்க பாடு."

அவர் முணுமுணுத்துக்கொண்டே தெருவில் இறங்கினார். அவள் திரும்பி வந்து, வேலை அறை வாசலில், தன் கை மகளுக்கு எட்டாத தூரத்திலேயே உட்கார்ந்தாள்.

"அம்மா போகலடா கண்ணு. இங்கதான் இருக்கப் போறேன்."

பிள்ளை அப்பாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

கணவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். எழுந்து வெளியே போய்விட வேண்டும் போல அவளுக்கு இருந்தது. ஆனால் அழுகை ஓயும்வரை அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.